ஐந்தே நிமிடத்தில் சொடக்கு

“அந்த வரியை நான் எழுத மாட்டேன் சார்” என்றாள் ஜெரூஷா.

மேற்குத் தாம்பரத்தில், ஸ்வீட் ஸ்டாலுக்கு மேல்மாடியில் இயங்கும் அந்த மென்பொருள் நிறுவனத்தில் ‘மாட்டேன்’ என்ற சொல் அதற்குமுன் ஒலித்ததில்லை. முதலாளி கேஷவ் நாற்காலியைத் திருப்பினார். அவருடைய விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே ‘தொலைநோக்காளர்’ என்று போட்டிருக்கும்.

“எந்த வரி?”

“‘விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் ஐந்தே நிமிடத்தில் சொடக்கை நிறுவலாம்.’ பொய் சார். கையேடு என் பேர்ல போகுது.”

சொடக்கு அவர்களுடைய ஒரே தயாரிப்பு. கறுப்புத் திரையில் கட்டளை தட்டி இயக்க வேண்டிய ரகம். கையேடு மூன்று மணிக்கு வாடிக்கையாளருக்குப் போக வேண்டும். அதை எழுதச் சேர்ந்த ஜெரூஷாவின் ஆறு மாதத் தற்காலிக வேலையும் அன்றோடு முடிகிறது.

“பொழிச்சலூர்ல எங்க மாமனார் இருக்கார். மிக்ஸி போடத் தெரியாது. அவரே இதை அஞ்சு நிமிஷத்துல போட்டுடுவார்.”

“அவர் எதுக்கு? நீங்களே போடுங்க சார். மூணுல ஒண்ணுலயாவது அஞ்சு நிமிஷத்துல போட்டுட்டா அந்த வரியை எழுதிக் கொடுத்துட்டுப் போயிடறேன்.”

“போடலேன்னா?”

“அந்த வரி போகணும். நான் நிரந்தரமாகணும்.”

தொலைநோக்காளர் முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டார். ஜெரூஷா செல்பேசியில் ஸ்டாப்வாட்சைத் தட்டினாள்.

முதலில் விண்டோஸ். கட்டளையைத் தட்டினார். அப்படியொரு கட்டளையே கிடையாது என்று சிவப்பெழுத்தில் பதில் வந்தது.

“எங்க தேடணும்னு அதுக்குச் சொல்லணும், அவ்வளவுதான்” என்று, எந்த நிரல் எங்கே இருக்கிறது என்று கணினி பார்த்துக்கொள்ளும் முகவரிப் பட்டியலைத் திறந்தார். இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு சொடக்கின் முகவரியை மட்டும் எழுதினார். இப்போது சொடக்கு விழித்துக்கொண்டு, தனக்குத் துணை வேண்டிய நிரலைக் காணோம் என்றது. அதன் முகவரி அழித்ததோடு போயிருந்தது. காலைவரை ஓடிய மற்றதெல்லாம்கூட நின்றுபோனது.

“பதினொரு நிமிஷம் சார்.”

“இதெல்லாம் கிளார்க்குங்க வெச்சுக்கற மிஷின். மேக்கைக் கொண்டாங்க.”

மேக் மரியாதையாகவே பேசியது. இதை உருவாக்கியவர் யாரென்று உறுதிசெய்ய முடியவில்லை; குப்பைத்தொட்டியில் போடலாமா என்றது. உருவாக்கியவர் எதிரிலேயேதான் உட்கார்ந்திருந்தார். ஆத்திரத்தில் முதலில் தெரிந்த பொத்தானை அழுத்தினார். சொடக்கு குப்பைத்தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

“லினக்ஸ்தான் நம்மாளு!”

நம்மாளு பாஸ்வேர்டு கேட்டது. தட்டினார். திரையில் ஒன்றும் விழவில்லை.

“கீபோர்டு செத்துடுச்சு.”

கணக்குப் பிரிவிலிருந்து வேறு கீபோர்டு வந்தது. அதுவும் செத்தது. மூன்றாவதும் செத்த பிறகு, கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தீனா மெதுவாக வாயைத் திறந்தார்.

“சார், பாஸ்வேர்டு தட்டினா அதுல புள்ளிகூடத் தெரியாது.”

“மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

“போன மாசம் ஒண்ணு சொன்னேன். திட்டினீங்க.”

சரியான பாஸ்வேர்டைத் தட்டியதும், ‘உங்களுக்கு அனுமதி இல்லை. இந்தச் சம்பவம் குறித்துப் புகார் செய்யப்படும்’ என்றது திரை.

“என் ஆபீஸ்ல என்னைப் பத்தி யார்கிட்ட புகார் பண்ணும்?”

“என்கிட்ட சார்.”

தீனா அனுமதி கொடுத்தார். அடுத்து, பைத்தான் என்ற நிரல்மொழியின் பழைய பதிப்பு ஒன்று குறுக்கே நின்றது.

“தூக்கிட வேண்டியதுதான்.”

“சார், அதைத் தூக்கினா...”

“முதலாளி நீங்களா, நானா?”

தூக்கினார். திரையிலிருந்த படங்கள் போயின. பின்னாலேயே அம்புக்குறி போயிற்று. கடைசியில் திரையே இருண்டது.

“ரெண்டு மணி நேரம் நாப்பது நிமிஷம் ஆச்சு சார்” என்றாள் ஜெரூஷா.

“சரி, ‘சில நிமிடங்களில்’னு போடுங்க.”

“மாட்டேன் சார்.”

“‘எளிதாக’ன்னாவது?”

“மாட்டேன்.”

கேஷவ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “என்னத்தையாவது எழுதுங்க. நாளைக்கு வந்து நிரந்தர வேலைக்கான ஆர்டரை வாங்கிக்கங்க.”

ஜெரூஷா அந்த வரியை அடித்துவிட்டு எழுதினாள்: ‘நிறுவத் தொடங்குமுன் ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொள்ளவும்.’

டீ கிளாஸ்களை எடுக்க வந்த செல்வமேரி அக்கா மூன்று கணினிகளையும் பார்த்தார்.

“இன்னா சார், நல்லாகீற மிஷினையெல்லாம் படுக்க வெச்சுக்கினு? அந்த சொடக்கு இன்னாத்துக்குத்தான்?”

கேஷவ் மின்விசிறியைப் பார்த்தார். தீனாதான் பதில் சொன்னார்:

“மத்த சாஃப்ட்வேரையெல்லாம் எந்த மிஷின்லயும் சிரமமில்லாம இன்ஸ்டால் பண்ணிக் கொடுக்கறதுதான் அக்கா அதோட வேலை.”