படாக் மரத்தில் ஒரு ரைபிள்

ஞாயிற்றுக்கிழமை ஆண்பிள்ளைக்கே சொந்தம் என்று சிவஞானம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் முடிவெடுத்தார். அறுபத்து நாலாம் வருஷம் போர்ட் பிளேரில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே வீரமான முடிவு அதுதான். மனைவி காதில் விழாதபடி எடுத்தார்.

கராச்சர்மாவில் அவர் வீட்டுக் கொல்லையில் நீலாவதி வெண்டையும் கீரையும் போட்டிருந்தாள். மான்கள் அழைப்பில்லாமலே வந்து சாப்பிட்டுவிட்டுப் போயின. "மூங்கில் வெட்டி வேலி கட்டுங்க" என்று ஆறு மாதமாக, ஞாயிறு தவறாமல் நச்சரிப்பு. சிவஞானத்துக்கோ ஞாயிறு என்றால் மின்னி பேயில் நண்பர் பன்னீர்செல்வம் வீட்டுச் சீட்டுக் கச்சேரி. அவள் கேட்டது தோட்டத்துக்கு வேலி. அவர் கண்டுபிடித்த வழி தோட்டா. வேட்டைக்காரர் ஆகிவிட்டால் வேலியே வேண்டாம். ஞாயிறெல்லாம் காட்டில் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம்!

நிஜ ரைபிளுக்கு லைசென்சும் தைரியமும் வேண்டும். இரண்டும் அவரிடம் இல்லை. கைவேலை இருந்தது. ஆபீசில் அவர் டிரேசர். எந்த வரைபடத்தையும் மயிரிழை பிசகாமல் நகல் எடுப்பவர். ஆனால் நீலாவதியை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமா? தீவிலேயே பிறந்தவள். அவள் அப்பா காட்டுக் காவலுக்கான புஷ் போலீசில் இருபது வருஷம் ரைபிள் தூக்கியவர்.

பன்னீர்செல்வம் வீட்டில் ரகசியமாக வேலை நடந்தது. பத்திரிகைப் படம் ஒன்றை டிரேசிங் பேப்பரில் எடுத்து, அந்தமான் காட்டு மரமான படாக் பலகையில் பதித்து அறுத்தார். தண்ணீர்க் குழாய் ஒன்று குழலாயிற்று. கதவுத் தாழ்ப்பாள், தோட்டா ஏற்ற இழுக்கும் போல்ட் ஆயிற்று. குழாய்மேல் பூட் பாலிஷ் தடவி, பென்சில் கரியை அரைத்துத் தேய்த்தார். இரும்பு இரும்பாகவே மின்னியது. சிப்பாய் கை பட்டுப் பட்டு வழவழப்பான இடம்கூட உண்டு, தேங்காயெண்ணெய் உபயம். விசையை இழுத்தால் ஸ்பிரிங் உதைத்து, போல்ட் தானே பின்னால் துள்ளும். பன்னீர்செல்வம் அதைப் பார்த்ததும் தன்னையறியாமல் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"யாருதுங்க இது?" என்றாள் நீலாவதி.

"காட்டிலாகா நண்பர் குடுத்தார். லைசென்சு அவர் பேர்ல."

போல்ட்டை இழுத்துப் பார்த்தாள். 'டக்!'

"அடேங்கப்பா! எங்கப்பா ரைபிள்கூட இவ்வளவு ஜோரா சத்தம் போடாதுங்க."

சிவஞானத்துக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு ஞாயிறு ராஜபோகம். புளிசோறு கட்டிக் கொடுத்து வழியனுப்பினாள். ரைபிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பொழுதெல்லாம் சீட்டாடினார். திரும்பி வந்து, "கொம்பன் மான் ஒண்ணு, கொஞ்சத்துல தப்பிச்சுட்டான்" என்றால், "அடடா" என்று கால் பிடித்துவிட்டாள்.

மூன்றாவது ஞாயிறு, விடிந்தும் விடியாமலும் எழுப்பினாள்.

"என்னங்க! மான் நம்ம கொல்லையிலயே நிக்குது! சுடுங்க!"

கண்ணைக் கசக்கிக்கொண்டு ரைபிளோடு வந்தார். கொல்லையில் மான். மானைச் சுற்றி வெண்டை. அவருக்குப் பின்னால் பாதித் தெரு, ஆளுக்கொரு பாத்திரத்தோடு. பக்கத்து வீட்டு பக்தவத்சலம் அண்டாவே கொண்டுவந்திருந்தார்.

"அரே சிவஞானம் பாய், ஜல்தி மாரோ, சீக்கிரம் சுடுங்க! தொடைக்கறி எனக்கு!"

சிவஞானம் குறிபார்த்தார்.

"தூரமா இருக்கே…"

"பத்து முழந்தாங்க."

"எதிர்க்காத்து அடிக்குது."

"இலைகூட அசையலையே!"

"தோட்டாவ நண்பர்கிட்டயே…"

"அப்ப ரெண்டு வாரமா எதை வெச்சுச் சுட்டீங்க?"

வேறு வழியில்லை. விசையை இழுத்தார். 'டக்!' போல்ட் அழகாகத் துள்ளியது. மான் நிமிர்ந்து ரைபிளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அடுத்த வெண்டையைக் கடித்தது.

மானம் கப்பலேறப்போன அந்த நொடியில் சிவஞானத்துக்கு மூளை வேலை செய்தது. ரைபிளைத் தாழ்த்திக் கையை உயர்த்தினார்.

"சுட மாட்டேன்! பாவம், அது வயித்துல குட்டி இருக்கு. இந்த நிமிஷமே வேட்டையை விட்டேன். இனி ஜென்மத்துக்கும் துப்பாக்கி தொட மாட்டேன். இது சத்தியம்!"

"பாய், அதுக்குக் கொம்பு இருக்கே?" என்றார் பக்தவத்சலம்.

"கொம்பிருந்தா என்னங்க, இரக்கம் இரக்கந்தானே!" என்று நீலாவதி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஆனா இனிமே வேலி கட்டித்தானே ஆகணும்?"

தெரு உருகிப்போனது. ஆளாளுக்கு மூங்கில் கொண்டுவந்து போட்டார்கள். 'தர்மப்பிரபு' என்ற பட்டத்தோடு சிவஞானம் சாயங்காலத்துக்குள் வேலியைக் கட்டி முடித்தார். கை கொப்பளித்தாலும் மனம் குளிர்ந்திருந்தது. குட்டு வெளிப்படவில்லையே!

நீலாவதி காப்பி கொண்டுவந்தாள்.

"ஏங்க, ரைபிள்ல போல்ட் வலது பக்கம்ல இருக்கும்? உங்களுது இடது பக்கம் இருக்கு."

டிரேசிங் பேப்பரைக் கவிழ்த்துப் பலகையில் தேய்த்ததும், படம் இடம் வலமாக மாறிப்போனதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அப்ப… முதல் நாளே தெரியுமா?"

"தெரியும். பத்து நாளா உப்பு வெச்சு அந்த மானைப் பழக்குனதும் நான்தான்."

"பின்னே எதுக்குடி ஊருக்கு முன்னால காப்பாத்துன?"

"என் புருஷனை நான் விட்டுக்குடுப்பேனா?"

சிவஞானத்துக்கு நெஞ்சு இளகிவிட்டது. இப்படி ஒருத்தியிடமா பொய் சொன்னோம் என்று வெட்கமாகவும் இருந்தது. குழைந்துகொண்டே, "அப்போ அடுத்த ஞாயிறு, ஒரே ஒரு நாள், மின்னி பே…" என்று ஆரம்பித்தார்.

"அதெப்படிங்க முடியும்? நீங்கதான் வேட்டையை விட்டுட்டீங்களே, ஞாயித்துக்கிழமையெல்லாம் சும்மாதானே இருப்பீங்கன்னு தெருவுல பதினோரு வீட்டுக்கும் வேலி கட்டித் தர்றதா வாக்குக் குடுத்துட்டேன்!"