எனக்குக் களைப்பே கிடையாது

நான் பொய்யே சொல்லாதவன் இல்லை. சின்னச் சின்னப் பொய்கள் நிறையச் சொல்லியிருக்கிறேன். நான் செயலாளராக இருந்த சங்கத்தின் கூட்டத்துக்குத் தாமதமாகப் போய், பேருந்தின் மேல் பழி போட்டிருக்கிறேன். ஆனால் ஒரே நேரத்தில் மூன்று நாடுகளிடம் பொய் சொன்னது ஒரே ஒரு தடவைதான். அதுவும் கழுத்தில் டை கட்டிக்கொண்டு.

அப்போது எனக்கு எழுபத்திரண்டு வயது. சின்ன வயசு, விவரம் தெரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

என் மனைவி தங்கத்துக்குப் புற்றுநோய். இனி சிகிச்சையால் பயனில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். "ஆஸ்பத்திரி வேணாம், வீட்டுலயே இருக்கேன்" என்றாள் அவள். சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்குப் பக்கத்து அடுக்குமாடியில் பதினோராவது மாடியில் எங்கள் வீடு. வாரத்துக்கு ஒரு முறை தாதி வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நேரமெல்லாம் எங்கள் மகன் குமரன்தான். விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை, நாற்பது வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுவிட்டான்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். மேற்பார்வை பார்த்தேன். காலையில் கீழே போய் தே தாரிக் என்னும் நுரைத் தேநீர் குடித்து, பத்திரிகை வாங்கிக்கொண்டு மேலே வந்து, அறை வாசலில் நின்று "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்பேன். "இருக்குப்பா" என்பான் குமரன். உள்ளே போகமாட்டேன். பயம் என்று இன்று சொல்லத் தெரிகிறது. அன்று அதற்குச் சங்க வேலை என்று பெயர் வைத்திருந்தேன். நண்பர்கள் விசாரித்தால், "பையன் இப்ப சும்மாதான் வீட்ல இருக்கான்" என்று சொல்லியிருக்கிறேன். (எழுதவே கை கூசுகிறது. எழுதத்தான் வேண்டும்.)

இந்த நிலையில்தான் நிர்மலா வந்தாள். இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளர். கடைசிக் கால நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கு என்ன உதவி தேவை என்று சிங்கப்பூர், இங்கிலாந்து, கேரளம் என்று மூன்று இடத்துக்காரர்கள் சேர்ந்து ஆராய்கிறார்களாம். நோயாளியைத்தான் எல்லாரும் விசாரிக்கிறார்கள், பக்கத்தில் இருப்பவரை யாரும் விசாரிப்பதில்லை என்றாள். நல்ல பெண். தங்கத்தின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படிவத்தை விரித்தாள்.

"அங்கிள், ஆன்ட்டிக்கு மெயின் கேர்கிவர் யாரு?"

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். எந்தப் படிவம் வந்தாலும் முதல் வரியில் என் பெயர்தான். மின்சாரம், வீடமைப்புக் கழகம், குமரனின் பள்ளிக்கூடம், தங்கத்தின் தையல் வகுப்பு எல்லாமே. கப்பல் நிறுவனத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆங்கிலக் கடிதம் எழுதியவன் நான். பேனா தானாக என் பக்கம் வரும்.

"நான்தான்" என்றேன்.

"நீங்களேதான் பார்த்துக்கிறீங்களா?"

"வேற யாரு?"

தங்கம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. வலி வந்துவிட்டது என்று நினைத்து, "குமரா, ஓடி வா" என்று கத்தினேன். (முதன்மைப் பராமரிப்பாளர் ஆன பிறகு நான் செய்த முதல் பராமரிப்பு அதுதான்.) குளியலறையில் போர்வை அலசிக்கொண்டிருந்தவன் ஈரக் கையோடு ஓடி வந்தான்.

"வலிக்குதாம்மா?"

"இல்லப்பா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் சிரித்திருக்கிறாள் என்று எனக்குப் புரிய இரண்டு வாரம் ஆயிற்று.

குமரன் திரும்பிப் போனதும் நிர்மலா கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். வாரம் ஒரு நாள், பயிற்சி பெற்ற ஒருவர் வந்து நான்கு மணி நேரம் நோயாளியுடன் இருப்பார், பராமரிப்பாளர் ஓய்வெடுத்துக்கொள்ளலாம். இடங்கள் கொஞ்சம்தான். "வேணுமா அங்கிள்?"

"எனக்கெதுக்கும்மா? எனக்குக் களைப்பே கிடையாது."

அது பொய்யில்லை. உண்மையிலேயே எனக்குக் களைப்பு இல்லை. 'வேண்டாம்' என்ற கட்டத்தில் கம்பீரமாக ஒரு குறி போட்டேன்.

இரண்டு வேலைகள் கொடுத்துவிட்டுப் போனாள். பதினான்கு நாள்களுக்கு நாட்குறிப்பு எழுத வேண்டும். அதன் பிறகு மூன்று நாட்டு ஆய்வாளர்களும் கணினித் திரையில் கூடுவார்கள். கேள்வித்தாள் சரியாக இருக்கிறதா என்று குடும்பங்களின் சார்பில் நான் சொல்ல வேண்டும். மூன்று நாடுகள் என்றதுமே எனக்குள் இருந்த சங்கச் செயலாளர் விழித்துக்கொண்டார்.

பதினான்கு நாள் நாட்குறிப்பையும் கடைசி நாள் காப்பிக்கடையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். 'காலை 6.00: மருந்து கொடுத்தேன். 6.30: மீண்டும் மருந்து.' சூரிய உதயம் பார்க்கத் தினமும் அவளைச் சன்னலருகே உட்கார வைத்ததாகவும் எழுதினேன். எங்கள் சன்னல் மேற்குப் பார்த்தது. கூட்டத்தில் படிக்க எழுதிய உரையோ ஒன்பது பக்கம். நாகரிகங்களின் தோற்றத்தில் ஆரம்பித்து, ஆறாவது பக்கத்தில் பராமரிப்புக்கு வந்துசேர்வதாகத் திட்டம்.

கூட்டம் பிற்பகல் நான்கு மணிக்கு. வெள்ளைச் சட்டை, டை, இடுப்பில் கைலி. (திரையில் மார்புவரைதான் தெரியும் என்று குமரன் சொல்லியிருந்தான்.) தங்கத்தின் அறையில்தான் இணையம் ஒழுங்காகக் கிடைக்கும் என்பதால் கட்டிலுக்குப் பக்கத்தில் மேசை போட்டு, கணினியைத் திறந்து வைத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றுகொண்டான். திரையில் ஒன்பது சதுரங்கள், ஒன்பது முகங்கள்.

இரண்டாவது பக்கத்தில் இருந்தபோது இங்கிலாந்துப் பேராசிரியை மெல்லக் குறுக்கிட்டார். வயதானவர், குரலில் அவசரமே இல்லை. உரையைப் பிறகு கேட்கிறேன், முதலில் உங்கள் நாட்குறிப்பிலிருந்து ஒரு சின்னச் சந்தேகம் என்றார். திடீரென்று வலி கூடினால் எந்த மருந்து கொடுக்கிறீர்கள்?

கட்டிலருகே மருந்துத் தட்டு இருந்தது. தயங்கினால் மரியாதை போய்விடும். முதலில் கையில் அகப்பட்ட சின்னக் குப்பியை எடுத்துத் திரைக்கு நேராகப் பிடித்தேன்.

கேரளத்து மருத்துவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். "சாரே, அது கண்ணில் ஊற்றுகிற மருந்தல்லவா?"

என் கண் மருந்துதான். கண்ணழுத்தத்துக்காகத் தினமும் இரண்டு வேளை போட்டுக்கொள்வது.

பேராசிரியை கேட்டார்: "உங்களுக்கு அதைப் போட்டுவிடுவது யார்?"

"என் மகன்" என்றேன். வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் அந்தப் பதில் என் காதில் விழுந்தது. ஒரே தட்டில் அம்மா மருந்தும் அப்பா மருந்தும் வைத்து இருவரையும் அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கணக்குப்படி நானும் ஒரு நோயாளி.

"உங்கள் மனைவி எந்தப் பக்கம் படுத்தால் வலி குறைவாக இருக்கிறது?" சாதாரணக் கேள்வி. மிரட்டும் எண்ணமே இல்லை.

"வலது."

"இடதுங்க" என்றது கட்டில்.

தங்கம் கையை நீட்டி, "அந்தப் பொட்டிய இப்படித் திருப்புங்க" என்றாள். திருப்பினேன். மெலிந்த முகம் திரையில் வந்தது. தமிழில்தான் பேசினாள்; ஒரு சதுரத்தில் இருந்த நிர்மலா ஆங்கிலத்தில் சொன்னாள்.

"இவரு கெட்டவரு இல்ல. ஃபார்ம் வந்தா தன் பேரப் போட்டுக்குவாரு, அது ஒரு பழக்கம். என்னைப் பாத்துக்கிறவன் அதோ கதவுகிட்ட நிக்கிறான். என்னைத் தூக்கித் தூக்கி முதுகு போச்சு அவனுக்கு. படுத்து நல்லாத் தூங்கி ரெண்டு மாசமாச்சு. கேட்டா ஒண்ணுமில்லம்மான்னுவான். நான் போறதுக்குள்ள அவன் ஒரு நாளாவது தூங்கறத நான் பாக்கணும். உங்க ஆராய்ச்சியில அதுக்கு வழி இருக்கா?"

நான் 'வேண்டாம்' என்று போட்ட குறி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வாரம் நான்கு மணி நேரம். அவனுடைய நான்கு மணி நேரம்.

முக்கியமான எதையும் நான் உட்கார்ந்து பேசியதில்லை. கணினியை என் பக்கம் திருப்பிக்கொண்டு எழுந்து நின்றேன். "ஐயா, அம்மா, நான் சொன்னதெல்லாம் பொய். நாட்குறிப்பு முழுக்கக் கற்பனை. என் மகனுக்குக் கிடைக்க வேண்டிய ஓய்வை நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்" என்றேன். என் வாழ்நாளின் மிகச் சிறிய உரை அது. முடித்த பிறகுதான் குமரன் கதவோரம் இருந்து, "அப்பா, கைலி" என்றான். டைக்குக் கீழே நீலக் கட்டம் போட்ட கைலியை மூன்று நாடுகளும் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

யாரும் சிரிக்கவில்லை. தங்கத்தைத் தவிர. அவள் சிரிக்க ஆரம்பித்த பிறகு எல்லாச் சதுரங்களும் சிரித்தன. பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு எதையோ எழுதினார். எங்கள் கேள்வித்தாளில் ஒரு கேள்வி விட்டுப்போயிருக்கிறது, இன்றுதான் தெரிந்தது என்றார்.

மறுநாள் நிர்மலா தொலைபேசியில் கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது. "சாரி அங்கிள். நீங்க வேணாம்னு போட்டதால அந்த ஸ்லாட்ட வேற குடும்பத்துக்குக் கொடுத்துட்டாங்க. வெயிட்டிங் லிஸ்ட்ல போடறேன், அதுதான் இப்ப முடியும்."

தங்கத்திடம் சொன்னேன். கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வெயிட்டிங் லிஸ்டுல நிக்க எனக்கு எங்க டைம் இருக்கு? களைப்பே இல்லாத ஆளு ஒருத்தரு வீட்டுலயே இருக்காரே."

அப்படித்தான் புதன்கிழமைகள் என்னுடையவை ஆயின. இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை. எந்தப் பழுப்புக் குப்பியில் எந்த மருந்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை எப்படி வைப்பது, இழுக்காமல் எப்படிப் புரட்டுவது என்று குமரன் சொல்லிக்கொடுத்தான். என்னிடம் இல்லாத பொறுமை அவனுக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. (தெரியும். கட்டிலில் படுத்திருந்தது.)

முதல் புதன்கிழமை அவனை வெளியே போய் வரச் சொன்னோம். செருப்பு மாட்டிக்கொண்டு கூடத்து சோபாவரை போனான். அங்கேயே சாய்ந்துவிட்டான்.

இரண்டு மணி நேரத்தில் எனக்கு இடுப்பு கழன்றுவிட்டது. "தங்கம், கொஞ்சம் உக்காந்துக்கவா?"

"களைப்பா?"

"சேச்சே."

"சும்மா சொல்லுங்க. மூணு நாட்டுக்கும் சொல்ல மாட்டேன்."

உட்கார்ந்தேன். கூடத்திலிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. அவள் விரலைத் தூக்கி, கேளுங்கள் என்று சைகை காட்டினாள். இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"நாப்பத்தஞ்சு வருஷம் பக்கத்துல படுத்திருக்கேன்" என்றேன். "நீ எந்தப் பக்கம் படுப்பேன்னு எனக்குத் தெரியலையே."

"எப்படித் தெரியும்? நீங்கதான் எனக்கு முன்னாடியே தூங்கிடுவீங்களே."

பதினொரு புதன்கிழமைகள் கிடைத்தன. பன்னிரண்டாவதற்கு முந்தின நாள் காலையில், குமரன் ஒரு புறமும் நான் ஒரு புறமும் இருக்க, தங்கம் போய்விட்டாள். இடது பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான்தான் புரட்டிவிட்டிருந்தேன்.

சில மாதம் கழித்துத் திருத்திய கேள்வித்தாளை நிர்மலா கொண்டுவந்து காட்டினாள். முதல் பக்கத்திலேயே இருந்தது: 'நேற்று நோயாளிக்கு மருந்து கொடுத்தவர் யார்? புரட்டிப் படுக்க வைத்தவர் யார்? இந்தப் படிவத்தை நிரப்புபவரும் அவரும் ஒருவர்தானா?' மூன்று நாடுகளிலும் இப்போது கேட்கிறார்களாம். எங்கள் வீட்டில் அதற்கு அப்பா கேள்வி என்று பெயர். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் குமரன் கைலியிலிருந்து ஆரம்பித்துச் சொல்லுவான்.

சென்ற மாதம் எனக்குக் கண் அறுவை சிகிச்சை. படுக்கையில் காத்திருந்தபோது தாதி ஒரு படிவம் கொடுத்தார். 'பராமரிப்பாளர்' என்ற இடத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த குமரன் பெயரை எழுதினேன். அடுத்த வரியில் பராமரிப்பாளருக்கு ஓய்வு வேண்டுமா என்று இரண்டு கட்டங்கள்.

"டேய், உனக்கு ரெஸ்ட் வேணுமா?"

அவன் எழுந்து நின்று, இல்லாத டையைச் சரிசெய்துகொண்டு, என் மேடைக் குரலில், "எனக்குக் களைப்பே கிடையாது" என்றான்.

'வேண்டும்' என்ற கட்டத்தில் தாள் கிழியும் அளவுக்கு அழுத்திக் குறி போட்டேன். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். தோள்கள் குலுங்கியிருக்க வேண்டும்.

"வலிக்குதாப்பா?"

"இல்லப்பா" என்றேன். (இந்தத் தடவை பொய் சொல்லவில்லை.)