மாமாவின் துண்டும் பியூசிங் மெஷினும்

சூட்டு வேலை தெரிந்தவனுக்கு எல்லாச் சூடும் ஒன்றுதான் என்று இருபத்துமூன்று வயதில் மனதார நம்பியவன் நான். அந்த வயதுக்குரிய மடத்தனம் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வாய்த்திருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். மலையில் ஏலக்காய் ஸ்டோரில் (பச்சைக்காயை அனலில் வாட்டும் கட்டடம்) நான்கு வருடம் வேலை பார்த்திருந்தேன். ராசிங்காபுரத்தில் இருந்த என் தாய்மாமா கறாராகச் சொல்லிவிட்டார்: “மலையில கெடக்கிறவனுக்குப் பொண்ணு கெடையாது. கீழ ஒரு சோலி பாரு, செல்வியத் தர்றேன்.” மாமா மகள் செல்விக்காக இறங்கி வந்து போடியில் ஒரு சட்டைக் கம்பெனியில் சேர்ந்தேன்.

அங்கே புதிதாக ஒரு பியூசிங் மெஷின் வந்திருந்தது. சட்டைக் காலர் விறைப்பாக நிற்பதற்கான இயந்திரம். வெட்டிய காலர் துணிமேல், பசை தடவிய உள்துணியைப் பசைப்பக்கம் கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். சூடான மூடியை இறக்கிப் பதினைந்து எண்ணினால் பசை இளகி இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் வேலை.

“சூடு பாக்கத் தெரியுமா தம்பி?” என்று முதலாளி கேட்டார்.

“நாலு வருசமா அந்தச் சோலிதாண்ணே!”

மாமா என் வேலையைப் பார்க்க வந்த அன்றைக்குத்தான் என் புத்தி மேயப் போனது. ஏலக்காய்க்கு அனல் மெதுவாக ஏற வேண்டும். நடுவில் புரட்டியும் விட வேண்டும். ஆகவே சூட்டைக் குறைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் திறந்து, மறுபக்கமும் வேகட்டும் என்று இன்னும் ஒட்டாமல் கிடந்த எட்டுக் காலர்களின் உள்துணிகளையும் திருப்பிப் போட்டேன். இப்போது பசை மேலே பார்த்துக்கொண்டிருந்தது. மூடியை இறக்கி, சூட்டை ஏற்றி, நிதானமாக நூறு எண்ணினேன்.

திறந்தால் உள்துணிகளைக் காணோம். எல்லாம் மூடியில் அப்பி, பசை பரவிக் கிடந்தது. அண்ணாந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

“பாத்தீகளா மாமா, துணிக்குள்ளயே எறங்கிருச்சு! ஒங்க துண்டக் கொண்டாங்க, ஒரே அமுக்கு, சலவைக்குப் போட்ட மாதிரி ஆயிரும்.”

மாமா தோளில் கிடந்த சரிகைத் துண்டைத் தந்தார் (குளிக்கும்போதுகூட அதைக் கழற்ற மாட்டார் என்பது எங்கள் குடும்ப நம்பிக்கை). அமுக்கினேன். மூடி மேலே போனபோது துண்டும் கூடவே போய்விட்டது.

“அடேய், துண்டு எங்கடா?”

“மேல இருக்கு மாமா.”

“வெறுந்தோளோட எப்பிடிடா பஸ்சு ஏறுவேன்? பொண்ணும் கெடையாது, மண்ணும் கெடையாது, போ!”

மெஷின் பழையபடி ஆகும்வரை நகரக் கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டார். சூடு ஆறியதும் சுரண்ட ஆரம்பித்தேன். செல்வி கைநழுவிப் போனாள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. துண்டில்லாமல் தெருவில் இறங்க முடியாத மாமாவும், கைகளைத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு, சாயங்காலம்வரை முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஒருவழியாகத் துண்டு வந்தது. தோளில் போட்டால் தொங்கவில்லை. பலகை மாதிரி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றது. முதலாளி அவசரமாக வெளியே போய்விட்டார்.

வாசலில் மாமா திரும்பிப் பார்த்தார். “ஓடிப் போகாம நின்னு தொடச்சேல்ல. சரி, தையில பேசுவோம். வீட்டுக்கு வந்தா எதையும் தொட்றாத, மாப்ளே.”

தையில் கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் விசேஷ வீட்டுக்குள் நான் நுழைந்தால், செல்வி வீட்டு ஆண்கள் ஒரு கையால் கும்பிட்டு, மறு கையால் துண்டைப் பிடித்துக்கொள்கிறார்கள்.