கல்லுக்குப் பக்கத்தில் கல் வைத்தவள்

திருச்சுழி, 12-2-1971

மதிப்புக்குரிய தலைமையாசிரியை சௌந்தரம் அம்மாள் அவர்களுக்கு, ஒன்பதாம் வகுப்பு கஸ்தூரியின் அப்பத்தா ராக்கம்மாள் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே ஆடு மாடு உட்பட அனைவரும் சுகம். தங்கள் முழங்கால் வலி தேவலையா?

சனிக்கிழமை முகாமன்று கண்மாய்ப் பக்கம் இருந்தவர்கள்: சாரணர் டீச்சர் சண்முகவடிவு, பன்னிரண்டு பெண்பிள்ளைகள், ஆடு மேய்க்கும் இருளப்பசாமி, அவன் பெண்டாட்டி ஒச்சம்மாள், தூக்குவாளியோடு நான். வேறு யாராவது தானும் இருந்ததாகச் சொன்னால் பொய்.

முகாம் எப்படி என்று கேட்டு 'நன்று, சுமார், மோசம்' என மூன்று கட்டம் போட்ட தாள் அனுப்பியிருக்கிறீர்கள். வீட்டார் 'மோசம்' என்றால் அடுத்த வருடம் கொடைக்கானல் முகாம் கிடையாதாம். கஸ்தூரி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் என் பேனாவையே பார்க்கிறாள். ஆனால் நடந்தது கட்டத்துக்குள் அடங்காதே!

பெரிய கல்லின் மேல் சின்னக் கல் இருந்தால் நேரே போக வேண்டும். பக்கத்தில் இன்னொரு கல் இருந்தால் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். கல் காட்டும் வழியே போனால் சோறு பொங்கும் இடம் வரும், இதுதான் பாடம். டீச்சர் விடிந்ததும் கருவேலங்காடு நெடுகக் கல் வைத்துவிட்டுச் சோறு பொங்கப் போய்விட்டார். ஆடு ஓட்டி வந்த ஒச்சம்மாள் பார்த்தாள். ஆளில்லாத காட்டில் கல்லின் மேல் கல்! "ஆத்தாடி, கன்னிமாரு எறங்கிருக்காக!" என்று மஞ்சள் பூசிக் கும்பிட்டாள். ஒரு கல்லுக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு கல்லும் வந்துவிட்டது. யார் வைத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் சோற்றுக்கு வராமல் வலப்பக்கம் திரும்பி வீரசோழன் ரோட்டுக்கே போய்விட்டார்கள்.

டீச்சர் விசில் ஊதி உதடு வீங்கினார். சோறு அடிப்பிடித்தது. நான் நெஞ்சில் அடித்துக்கொண்டேன். இருளப்பசாமியோ, "அழாத ஆத்தா, என் ஆடுக தொலஞ்சா சாயங்காலம் தானா வந்துரும்" என்றான். தூக்குவாளியை ஓங்கினேன், ஓடினான்.

மதியம் தாண்டிப் பாட்டுச் சத்தம். முன்னால் கஸ்தூரி. "ரோட்டுல மைல்கல்லுதான் இருந்துச்சு அப்பத்தா, அதுக்கு மேல சின்னக் கல்லக் காணோம். அதான் நெழலப் பாத்துத் தெச கண்டுபிடிச்சுக் கூட்டியாந்தேன்!"

வெள்ளைச் சீருடையில் வரிசையாக வந்தவர்களைக் கண்டு ஒச்சம்மாள் தடாலென்று விழுந்தாள். "கன்னிமாரு ஏழு பேருன்னாக, பன்னெண்டு பேருல்ல வாராக!"

இப்படியும் ஒரு முகாமா? 'மோசம்' கட்டத்தில் கோடு போட்டுவிட்டேன். தாங்களும் தங்கள் குடும்பமும் நோய்நொடி அண்டாமல் நூறு வருடம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ராக்கம்மாள்

பி.கு. அந்தக் கோட்டை அழித்துவிட்டு 'நன்று' என்பதில் தாங்களே போட்டுக்கொள்ளவும். கொடைக்கானலுக்குக் கஸ்தூரி பெயரை முதலில் எழுதவும். பிள்ளை பத்திரமாக வர வேண்டுமென்று கன்னிமாரிடம் வேண்டிக்கொண்டு அந்தக் கூடுதல் கல்லை வைத்தது நான்தான். இது கஸ்தூரிக்குத் தெரிய வேண்டாம். நான் வைத்ததைப் பார்த்துவிட்டு, இன்றுவரை யாரிடமும் சொல்லாமல், என்னைக் காணும்போதெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிக்கிறாளே, அவளை மட்டும் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்: ஒச்சம்மாள்.