இங்ரிட்டுக்கு ஒரு கஷ்டம் தேவை

புகை அலாரம் வீட்டையே தூக்கிக்கொண்டு போவதுபோல் அலறியது.

"ஐயையோ, என் ஹாட்டிஷ்!" என்று மார்லிஸ் சமையலறைக்கு ஓடினாள். ஓவனுக்குள் ஒரே பாத்திரத்தில் அடுக்கி வைத்திருந்த உருளைக்கிழங்கும் இறைச்சியும் கரியாகியிருந்தன. "எல்லாம் உன்னாலதான்டி. 'நாம என்ன கஷ்டப்பட்டோம், யோசிம்மா, யோசிம்மா'ன்னு உயிரை எடுத்தே. யோசிச்சேன். கருகிருச்சு."

அலாரத்தைத் துண்டால் விசிறிக்கொண்டிருந்த மகள் இங்ரிட்டின் முகத்தில் பரம சந்தோஷம். "அம்மா, இது தீ விபத்துதானே?"

அமெரிக்காவின் டுலூத் நகர நீதிமன்றத்தில், வாடகை வழக்குகளின் கவுன்டரில் குமாஸ்தா அவள். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸோடு வந்து, "இப்ப நான் என்னம்மா செய்யணும்?" என்று கேட்பவர்களிடம், "சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதியில்லை" என்பதுதான் நாள் முழுக்க அவள் பதில். பதில் தெரிந்தும் வாயை மூடிக்கொள்ளும் வேதனை தாங்காமல், போன வருடம் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். 'நீதி எனக்குப் பிடிக்கும்' என்று இரண்டு பக்கம் தன்னைப் பற்றி எழுதினாள். இடம் இல்லை என்றுவிட்டார்கள்.

"கஷ்டப்பட்டு மேல வந்த கதை இருந்தாத்தான் சீட்டு" என்றாள் ஒரு தோழி. அன்றிலிருந்து இங்ரிட் கஷ்டத்தைத் தேடி வீட்டையே புரட்டிக்கொண்டிருந்தாள். இந்த வருடக் கட்டுரையை அனுப்ப இன்று மாலை ஐந்து மணிக்குக் கெடு.

'தீயில் பூத்தவள்' என்று தலைப்புப் போட்டாள். மார்லிஸ் எட்டிப் பார்த்தாள்.

"நான் சமையலைக் கருக்கினதை ஊருக்கெல்லாம் சொல்லப் போறியா? சர்ச் விருந்துல நான் சமைச்சுக் கொண்டுபோற பாத்திரம்தான் முதல்ல காலியாகும். அழிடி!"

"சரி, அப்பா கருக்கினதா மாத்திடறேன்."

"அவருக்கு ஓவன் எந்தப் பக்கம் திறக்கும்னே தெரியாது. எவன் நம்புவான்?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து ஆர்விட், ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார், அக்கறையாகக் கேட்டார்: "அழிக்கும்போது உனக்கு எப்படிம்மா இருக்கு?"

"அழுகை வருதுப்பா."

"பாவம்" என்றார். இலையுதிர் காலம் முழுக்க இதே கேள்விதான். கேட்டுவிட்டு, குறுக்கெழுத்துப் போடுகிறேன் என்று மடிக்கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருப்பார்.

இங்ரிட்டுக்குச் சட்டென்று பொறி தட்டியது. "அப்பா! போன கோடை முழுக்கச் சனிக்கிழமை தவறாம மீன் பிடிக்கப் போனீங்களே, ஒரு மீனாவது வந்துச்சா? வெறுங்கையோட திரும்பற தகப்பன், பட்டினியோட காத்திருக்கிற மகள்..."

ஆர்விட்டின் கையிலிருந்து பேப்பர் நழுவியது. "மீன் விஷயம் மட்டும் வேண்டாம்மா! யாராவது விசாரிச்சு வெச்சா?"

"மூட முடியாம ஃப்ரீசர் நிறைய மான்கறி கிடக்கு, பட்டினியாம் பட்டினி!" என்றாள் மார்லிஸ்.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் விவாகரத்தாவது பண்ணிக்குங்களேன்!"

மார்லிஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். "அஞ்சு மணிக்குள்ளயா?"

இங்ரிட் மேசையில் கவிழ்ந்து தேம்பினாள். அடுத்த வருடமும் அதே கவுன்டர், அதே வாய்ப்பூட்டு.

"சாப்பிடும்போது கவுன்டர் கதை சொல்லித் தினமும் மூக்கைச் சிந்துவியே, அதை எழுதேம்மா" என்றார் ஆர்விட்.

பூனைக் கூடையோடு வந்த ஒரு கிழவர் நினைவுக்கு வந்தார். 'அனுமதியில்லை' என்று அவள் சொன்னதற்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனவர். அதையே எழுதினாள். விரல் தானாக ஓடியது. கெடுவுக்குக் கொஞ்சம் முன்னால் அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது, வீட்டுத் தொலைபேசி அடித்தது. ஓடிப்போய் எடுத்தாள்.

"ஹல்வர்சன் வீடா? சட்டக் கல்லூரியிலிருந்து பேசறேன். சீட்டு கிடைச்சிருக்கு, வாழ்த்துகள்!"

"ஐயோ, அதுக்குள்ளயா? இப்பத்தானே அனுப்பினேன்!" என்று இங்ரிட் துள்ளினாள். ஆர்விட் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

போனில் பேசிய பெண்மணி சற்றுத் தயங்கினாள். "நான் ஆர்விட் ஹல்வர்சன்கிட்ட பேசணுமே... மீன் பிடிக்கப் போறேன்னு சொல்லிட்டு நுழைவுத் தேர்வு வகுப்புக்குப் போனதையும், ரெண்டு வருஷமா கட்டுரை எழுதற மகளோட ஒரே வீட்ல பட்ட கஷ்டத்தையும் எழுதியிருந்தாரே, படிச்சுட்டு ஆபீஸ்ல நாங்க அத்தனை பேரும் அழுதுட்டோம்!"