வர்ஜீனியா சாரின் விருந்தாளி

அம்பத்தூரில் எந்தப் பேச்சை எடுத்தாலும் அதைப் பழைய அமெரிக்காவில் கொண்டுபோய் இறக்கிவிடக்கூடிய ஒரே மனிதர், எங்கள் வர்ஜீனியா சார்தான். ரிட்டயரான சரித்திர வாத்தியார். மோட்டார் ஓடவில்லை என்று புலம்பினால்கூட, அந்த ஊர் வர்ஜீனியா மாநிலம் முதன்முதலில் சாசனம் எழுதிய கதையை ஆரம்பித்துவிடுவார்.

எங்கள் ஃபிளாட் சங்கக் கூட்டத்தில் புது விதிகள் வந்தன. முதல் விதி, இங்கே எல்லாரும் சமம். கைதட்டினோம். ஏழாவது விதி, லிஃப்ட் குடியிருப்போருக்கும் விருந்தாளிகளுக்கும் மட்டும். அதாவது, வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் படியேற வேண்டும். நாலாவது மாடியில் மூன்று வீடுகளுக்கு வேலை செய்யும் செல்விக்கு முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. படியேறச் சொன்னால் வேலையை விட வேண்டியதுதான்.

சார் எழுந்தார். "இதையேதான் வர்ஜீனியாவுல பண்ணாங்க. எல்லா மனுஷனும் சுதந்திரமானவன்னு எழுதப் போனாங்க. அடிமை வச்சிருந்தவங்க பதறிப்போய், 'சமூகத்துல சேரும்போது'ன்னு நடுவுல ஒண்ணைச் செருகிட்டாங்க. அடிமைங்க சமூகத்துலயே சேரலன்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சுது."

"சார், இது அம்பத்தூர்" என்றார் செயலாளர்.

விதி நிறைவேறியது. எதிர்த்தது ஒரே ஒரு கை. ஆதரித்த கைகளில் என்னுடையதும் உண்டு. எனக்குச் சீக்கிரம் சாப்பிடப் போக வேண்டும்.

மறுநாள் காலை சார் கேட்டில் நின்றார். விசிட்டர் நோட்டில் 'செல்வி, என் விருந்தாளி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, லிஃப்டில் அழைத்துப் போனார். "விருந்தாளின்னா ஒரு காபியாவது குடுக்கணும் சார்" என்று மடக்கினார் செயலாளர். அடுத்த நாள் ஃபிளாஸ்க் வந்துவிட்டது. கீழே லிஃப்டில் ஏறும்போதே சார் டம்ளரை நீட்டுவார். நாலாவது மாடி வருவதற்குள் செல்வி குடித்து முடித்தாக வேண்டும்.

"நாக்கு வெந்து பூடுச்சு சார். காபி இல்லாம இட்டுகினு போ கூடாதா?"

"கூடாதும்மா. நாளைக்கு விருந்தாளியே இல்லைன்னுடுவாங்க."

ஒரே வாரத்தில் விருந்தாளிகள் ஐந்து பேர் ஆனார்கள். ஃபிளாஸ்க் இரண்டு ஆனது.

போன மாதம் சாருக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஆவடியில் மகள் வீட்டில் ஓய்வு. அவர் இல்லாத முதல் நாள் காலை, இரண்டாவது மாடித் திருப்பத்தில் செல்வி கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தில் கை தூக்கியதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் நானே கேட்டில் நின்றேன். நோட்டில் எழுதினேன். டம்ளரை நீட்டினேன்.

செல்வி ஒரு வாய் குடித்தாள். "தண்ணியா கீதுண்ணா. சாரு எப்போ வருவாரு?"

அதைக் கேட்கத்தான் தினமும் ஆவடிக்குப் போன் போடுகிறேன். அவர் வர்ஜீனியாவை ஆரம்பித்தாலும் போனை வைக்க மனம் வருவதில்லை.