வானத்துக்கு நாள் குறித்த சங்கம்

வானத்துக்கே நாள் குறித்துக் கொடுத்த சங்கம் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அது ஈஸ்ட் ஹாமில் ஒரு மளிகைக்கடையின் மேல்மாடியில் இயங்கும், புலம்பெயர்ந்த தமிழர்களான எங்கள் சங்கம். இந்தப் பெருமையைப் பதிவுசெய்யும் பொறுப்பு, செயலாளர் என்ற முறையில், என் தலையில் விழுந்திருக்கிறது.

சென்ற ஆண்டு செப்டம்பரில், நோர்வேக்குப் போய், இரவு வானில் பச்சையும் ஊதாவுமாக ஆடும் வடதுருவ ஒளியைப் பார்ப்பதென்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். உகந்த காலத்தை "ஆய்வு" செய்ய லதீசன் தலைமையில் உபகுழு அமைந்தது. அது மூன்று தடவை கூடி, மூன்று தடவையும் கொத்துரொட்டி சாப்பிட்டு, அறிக்கை தந்தது.

"செப்டம்பரில இருந்து மார்ச் வரைக்கும்தான் தெரியுமாம். இரவு இருட்டா இருக்கவேணுமாம்" என்றார் லதீசன்.

தலைவர் கமலநாதன் கலண்டரைப் புரட்டினார். "நவராத்திரி, கந்தசஷ்டி, திருவெம்பாவை, பொங்கல் விழா. பெப்ரவரி பழைய மாணவர் டின்னர். மார்ச்சில என்ர மகளின்ர கலியாணம். எங்க இடமிருக்கு?"

ஜெயகௌரி அக்கா எழுந்தார். ஒளி பார்க்கும் யோசனையே அவருடையதுதான்.

"அடுத்த கோடைக்குப் பிறகு என்ர கண் தெரியாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். தனியப் போகவும் ஏலாது. ஒரு சனி ஞாயிறை விட ஏலாதோ, தம்பி?"

"உங்கட கண்ணுக்காக நவராத்திரியைத் தள்ளிவைக்க ஏலுமே, அக்கா?" என்றார் தலைவர்.

என்ன தெளிவு! கலியாணமோ திருவிழாவோ இல்லாத ஒரே வாரஇறுதி ஜூன் கடைசியில்தான் இருந்தது.

"ஜூனில அங்க சூரியன் மறையாதாம், அண்ணை" என்றார் லதீசன்.

"நல்லதாப் போச்சு. வெளிச்சத்தில இன்னும் வடிவாத் தெரியும்."

தீர்மானம் நிறைவேறியது. வானத்துக்குப் பிரதி அனுப்ப முகவரிதான் கிடைக்கவில்லை.

குறித்த நாளில் பதினான்கு பேரும் கம்பளித் தொப்பியோடு நோர்வேயின் வடகரையில் நின்றோம். நள்ளிரவு பன்னிரண்டு மணி. வெயிலில் கண் கூசியது.

"அந்தா, பச்சை!" என்று தலைவர் கையை நீட்டினார்.

"ஓம், ஓம். ஊதாவும் வருது" என்றார் உபகுழுத் தலைவர்.

ஜெயகௌரி அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். "எனக்கு வெயில்தான் தெரியுது. உங்களுக்குத் தெரியுதோ, தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

"வடிவாத் தெரியுது, அக்கா" என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் சங்கத்தின் யாப்பு விதிகளில் செயலாளர் வெட்கப்படுவதற்கு இடமில்லை.

இந்தச் செப்டம்பர்க் கூட்டத்தில் பயண அறிக்கையை நானே வாசித்தேன்: "பதின்மூன்று உறுப்பினர்கள் ஒளியைத் தெளிவாகக் கண்டனர். பார்வைக் குறைபாடு காரணமாக ஒருவர் காணவில்லை." அதற்குள் அக்காவுக்குப் பார்வை முழுதாகப் போய்விட்டிருந்தது.

"ஓம் தம்பி, பிழை என்ர கண்ணிலதான்" என்று சொல்லி அவரே அறிக்கையை வழிமொழிந்தார். கையெழுத்துப் போடவேண்டிய இடம் தெரியாமல் தடவிய அவருடைய விரலைப் பிடித்துச் சரியான கோட்டில் வைத்தவன் நான்தான்.